பின்தோட்டத்து நீராவி ரயில்: சில சிக்கனக் குறிப்புகள்

இங்கிலாந்தில் பின்தோட்டத்தில் குட்டி நீராவி எஞ்சின் ஓட்டுகிற குடும்பங்கள் நிறைய. நிஜமாகவே தண்ணீர் கொதித்து, நிஜமாகவே ஆவி தள்ளி ஓடுகிற வண்டி இது. எஞ்சின் விலையைக் கேட்டால் தலை சுற்றத்தான் செய்யும். புது எஞ்சினில் பேரம் பேச வழியில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள மற்றவற்றில் பெரும்பாலும் மிச்சம் பிடிக்கலாம். சமையலறையிலும் தோட்டத்துக் கொட்டகையிலும் கிடப்பவையே பாதி வேலைக்குப் போதும். எஞ்சினும் ஆசையும் ஏற்கனவே வீடு வந்து சேர்ந்துவிட்ட நண்பர்களுக்காக இதோ, எங்கள் வீட்டுப் பழக்கங்கள்.

1. தண்டவாளம் வாங்கும் முன், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயைப் பாதை போகவேண்டிய வழியில் வளைத்துப் போட்டு ஒரு வாரம் அப்படியே விடுங்கள். துணி காயப்போடப் போகிறவர் காலில் எங்கே இடறுகிறது, புல் வெட்டும் மெஷின் எங்கே முட்டுகிறது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். குழாயை நகர்த்தக் காசு ஆகாது.

2. தண்டவாளங்களுக்கு நடுவே 32 மில்லிமீட்டர் அகலம் உள்ள பாதையா, 45 மில்லிமீட்டர் பாதையா என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அடிக்கு 16 மில்லிமீட்டர் என்று சுருக்கினால் 2 அடிப் பாதை சரியாக 32 ஆகும். டார்ஜிலிங் மலை ரயில் இந்த வகை. ஊட்டி ரயில் மாதிரி மீட்டர் கேஜ்தான் வேண்டுமென்றால், 22.5-இல் ஒரு பங்காகச் சுருக்கும்போது 45 பொருந்தும். இரண்டும் பிடிக்கும் என்றால், பக்கத்தில் இருக்கும் நண்பர்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதையே எடுங்கள். வண்டி இரவல் வாங்கலாம், அவர்கள் பாதையில் போய் ஓட்டவும் செய்யலாம்.

3. வளைவு வரைய ஒரு முளைக்குச்சி, நூல், கோலமாவு போதும். சின்ன எஞ்சின்கள் 2 அடி 6 அங்குல ஆரம் உள்ள வளைவிலேயே திரும்பிவிடும் என்றாலும், இடம் இருந்தால் 4, 5 அடிக்குப் போங்கள். வளைவு இறுக இறுகச் சக்கரம் உரசும். உரசலை வெல்ல ஆவி செலவாகும்.

4. மட்டம் பார்க்கக் கருவி எதுவும் வாங்கவேண்டாம். நம்மூர்க் கொத்தனார்கள் பிடிக்கிற டியூப் லெவல் போதும்: கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு இடத்தில் பிடித்தால் நீர்மட்டம் உண்மையைச் சொல்லும். உள்ளே காற்றுக்குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள்தூள் கலந்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

5. மட்டம் பார்க்கிற இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. கையால் ஓட்டும் நீராவி எஞ்சின் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் தலைதெறிக்க ஓடும். பின்னாலேயே ஓடிப்போய், ஆவியைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் திருப்ப நமக்குத்தான் கால் வலிக்கும். மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் ஏற்றத்தைத் தாண்டாதீர்கள். சமதளமே என்றால் இன்னும் நிம்மதி. ஊட்டி ரயில் சுமார் 12-க்கு 1 ஏற்றத்தில் ஏறுகிறதே என்று கேட்பவர்களுக்கு: அதற்கு நடுவில் பல்சட்டம் இருக்கிறது, நம்முடையதற்கு இல்லை.

6. பாதை முழுவதையும் உயர்த்த வசதியில்லையா? எண்ணெய், தண்ணீர், கேஸ் நிரப்புகிற ஒரு மீட்டர் துண்டை மட்டுமாவது இடுப்பு உயரத்தில் வையுங்கள். பழைய மேஜையின் மேல் ஒரு துண்டுத் தண்டவாளம் போட்டாலும் சரி. முட்டி போட்டு உட்கார்ந்து பர்னரைப் பற்றவைக்கும் வேதனை போகும்.

7. வெயிலில் தண்டவாளம் நீளும். 10 மீட்டர் பித்தளைத் தண்டவாளம், 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 5 முதல் 6 மில்லிமீட்டர் வரை நீண்டுவிடும். இடைவெளி விடாத பாதை கோடையில் பாம்பாக நெளியும். குளிர்நாளில் பாதை போடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் காலாவதியான பேங்க் கார்டு ஒன்றைச் செருகி எடுங்கள். அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர், கச்சிதமான அளவு.

8. கறுத்து, பச்சை பூத்து, பார்க்கச் சகிக்காத பழைய தண்டவாளம் மலிவாகக் கிடைத்தால் அள்ளிக்கொள்ளுங்கள். மின்சார ரயில்காரர்கள்தான் தண்டவாளத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். நமக்குத் தண்டவாளத்தில் கரண்ட் ஓடவேண்டிய அவசியமே இல்லை. நேராக இருக்கிறதா, கட்டைகள் உடையாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

9. ஆனால் தண்டவாளத்தின் மேல் எண்ணெய் படிந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ஸ்பிரிட் நனைத்த துணியை ஒரு மரக்கட்டையில் சுற்றி வழியெல்லாம் ஒரு இழுப்பு இழுங்கள். எஞ்சினில் தீ பற்றவைக்கும் முன் இந்த வேலை முடிந்து, ஸ்பிரிட் பாட்டில் கொட்டகைக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

10. கட்டைகளுக்கு நடுவே போட, மாடல் கடையில் குட்டிப் பாக்கெட்டில் விற்கும் ஜல்லி வேண்டாம். கோழித்தீவனக் கடையில் கோழிகளுக்குப் போடும் பொடிக்கல் மூட்டையாகவே கிடைக்கும். ஐந்து பங்கு கல்லுக்கு ஒரு பங்கு சிமென்ட் கலந்து உலர்வாகவே தூவி, பிரஷால் ஒதுக்கி, பூவாளியில் பொடித்தூறலாகத் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கும் சோப்பு விட்டால் உள்ளே சீராக இறங்கும். பாதை பிரியும் இடங்களில் நகரும் பாகங்களுக்கு முதலில் டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும்.

11. உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீர், சோறு வடித்த கஞ்சி எதுவானாலும் கொதிக்கக் கொதிக்கப் பாதையோரக் களையின் தலையில் ஊற்றுங்கள். மருந்துச் செலவு மிச்சம். பிடித்த செடி பக்கத்தில் இருந்தால் மட்டும் கை கவனம்.

12. குட்டி ரயிலுக்குப் பக்கத்தில் குட்டி மரம்தான் அழகு. சமையலுக்கு வாங்கும் ரோஸ்மேரியில் ஒரு கொம்பை நட்டு, அடிக்கிளைகளைக் கத்தரித்துவிட்டால் அசல் மரம் மாதிரியே நிற்கும். தரையோடு படரும் தைம் புல்வெளிக்கு ஆகும். இரண்டும் குழம்புக்கும் உதவும்.

13. பிஸ்கட் டப்பா அட்டையில், உங்களிடம் உள்ள வண்டிகளிலேயே உயரமானதும் அகலமானதும் எதுவோ அதன் அளவுக்கு ஒரு வாசல் வடிவம் வெட்டி, ஒரு வண்டி மேல் ஒட்டிப் பாதை முழுக்கத் தள்ளுங்கள். பாலத்திலோ செடியிலோ எங்கே இடிக்கிறதோ அங்கே முதலிலேயே சரிசெய்யலாம். சிம்னி வளைந்த பிறகு பார்ப்பது செலவு.

14. சுரங்கம் ஆசைதான், இருக்கட்டும். இரு பக்கமும் கைவிட்டால் நடுவில் விரல்கள் சந்திக்கிற நீளத்தோடு நிறுத்துங்கள். எஞ்சின் தடம் புரள்வதென்றால் அங்கேதான் புரளும். ராத்திரியில் இரு வாசலையும் செங்கல்லால் அடைத்து வைத்தால் பூனையோ முள்ளெலியோ குடியேறாது.

15. எண்ணெய், கேஸ், தண்ணீர் என்று செய்யவேண்டிய வரிசையை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, கொட்டகைக் கதவில் தொங்கவிடுங்கள். பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கும்போதுதான் ஒன்று விட்டுப்போகும்.

16. லண்டனிலும் தென்கிழக்கிலும் குழாய்த் தண்ணீர் கடினநீர். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது பாய்லருக்குள்ளும் படியும். சுத்தமான வாளியில் பிடித்த மழைத்தண்ணீரைக் காபி வடிகட்டும் தாளில் வடிகட்டிப் பாட்டிலில் வையுங்கள். கார் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைச் சிலர் ஊற்றுகிறார்கள், சிலர் பித்தளைக்குக் கெடுதல் என்கிறார்கள். இந்தச் சண்டைக்குள் போகாமல் எஞ்சின் கையேடு சொல்வதைக் கேளுங்கள்.

17. வடிகட்டிய தண்ணீரைக் கொதிக்கவைத்து ஃப்ளாஸ்கில் எடுத்துப்போய் பாய்லரில் ஊற்றினால், ஆவி கிளம்பும் நேரமும் மிச்சம், கேஸும் மிச்சம். ஒரே ஒரு நிபந்தனை: வெந்நீர் ஊற்றுவதென்றால் கேஸை முன்னதாகவே நிரப்பிவிடுங்கள். எஞ்சின் சூடானபின் கேஸ் தொட்டி லேசில் நிறையாது.

18. மருந்துக்கடை சிரிஞ்சு இந்தப் பொழுதுபோக்கின் மூன்றாவது கை. பெரியது தண்ணீருக்கு, சிறியது எண்ணெய்க்கு, இன்னொன்று, சிலிண்டருக்கு எண்ணெய் விடும் லூப்ரிகேட்டரிலிருந்து தண்ணீர் உறிஞ்ச. மூன்றுக்கும் வெவ்வேறு நிற டேப் சுற்றிவிடுங்கள். பாய்லரைக் கழுத்துவரை நிரப்பிவிட்டு, கையேட்டில் சொன்ன அளவை (பல சின்ன எஞ்சின்களுக்கு 30 மில்லிலிட்டர் அளவில்) சிரிஞ்சால் திரும்ப எடுத்துவிட வேண்டும். ஆவிக்கு அந்த இடம் கிடைக்காவிட்டால் சிம்னி வழியாக எண்ணெயும் தண்ணீருமாகத் துப்பும். வெள்ளைச் சட்டைக்காரர்கள் தள்ளி நிற்கட்டும்.

19. எண்ணெயில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். தையல் மெஷின் எண்ணெய், கார் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் ஆவியின் சூட்டுக்கு நிற்காது. நீராவிச் சிலிண்டருக்கென்றே வரும் கெட்டி எண்ணெய்தான் வேண்டும். ஒரு ஓட்டத்துக்குச் சில மில்லிலிட்டர்தான் போகும் என்பதால் அரை லிட்டர் பாட்டில் வருஷக்கணக்கில் வரும். குளிரில் உறைந்த தேன் மாதிரி இறங்க மறுத்தால் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் உட்காரவையுங்கள்.

20. லூப்ரிகேட்டருக்குள் போகும் ஆவி குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கி, மேலே மிதக்கும் எண்ணெயைத் தள்ளிவிடுகிறது. அடியில் தங்கிய அந்தத் தண்ணீரை எடுக்காமல் எண்ணெய் ஊற்றினால் எண்ணெய்க்கு இடமே இருக்காது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் உறிஞ்சி எடுத்துவிட்டு ஊற்றுங்கள்.

21. வெளியே அசையும் கம்பிகளுக்கும் முளைகளுக்கும் மெல்லிய எண்ணெய். பல்குச்சி முனையில் தொட்டு ஒரு சொட்டு வைத்தால் போதும். அதிகமானால் மண்ணைச் சேர்த்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும்.

22. கேஸ் நிரப்புவது திறந்தவெளியில்தான். பக்கத்தில் இன்னொரு எஞ்சின் எரிந்துகொண்டிருக்கக் கூடாது, சிகரெட்டும் கூடாது. வால்வைச் சுற்றித் திரவமாகச் சிதறினால் தொட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அது விரலில் பட்டால் உறைபனியாகச் சுடும், தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சிதறிய கேஸ் காற்றில் கலைந்து போக நேரம் கொடுத்துவிட்டுத்தான் லைட்டரைத் தொடலாம்.

23. பியூட்டேன் சுமார் மைனஸ் அரை டிகிரியில்தான் கொதிக்கும். அதனால் குளிர்காலத்தில் அதற்கு வேகமே இருக்காது. நவம்பரிலிருந்து புரொப்பேன் கலந்த கேஸுக்கு மாறிக்கொள்ளுங்கள், கோடையில் வெறும் பியூட்டேன் போதும். எஞ்சினின் கேஸ் தொட்டியைச் சுற்றி ஊற்ற இடம் இருந்தால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் கொஞ்சம் விடலாம். கொதிநீர் கூடவே கூடாது.

24. தீ மங்கி, மஞ்சளாக எரிந்தால் பர்னரின் ஜெட்டில் உள்ள நுண்துளையில் அழுக்கு. ஊசியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி ஜெட் வீணாகும். கழற்றி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றை ஊதுங்கள். உதிரி ஜெட் ஒன்று டப்பாவில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பாழாகாது.

25. சிம்னி வழியாகப் பற்றவைக்கும் எஞ்சின்களுக்கு, கேக் மெழுகுவத்தி ஏற்றும் நீளமூக்கு லைட்டர் வசதி. லைட்டரை முதலில் எரியவிட்டு, சிம்னி வாயில் பிடித்துக்கொண்டு, கேஸைத் துளித்துளியாகத் திறங்கள். 'பொப்' என்று தீ உள்ளே இறங்கிவிடும். உறுமல் கேட்டால் கேஸ் அதிகம். காதை வைத்துக் கேட்டால்தான் தெரிகிற மெல்லிய இரைச்சல் போதும்.

26. ஸ்பிரிட்டில் எரியும் எஞ்சின் வைத்திருப்பவர்களே, பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றுவதுதான் பெரிய ஆபத்து. ஒரு ஓட்டத்துக்கு ஆகும் அளவை மட்டும் சின்ன பாட்டிலில் கொண்டுபோங்கள். பெரிய கேன் கொட்டகையை விட்டு வரக்கூடாது, நனைத்த கோணியோ கனத்த துண்டோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

27. முந்தானை, துப்பட்டா, தொங்கும் முடி எல்லாம் செருகிக் கட்டிய பிறகே எஞ்சின் பக்கம் வாருங்கள். பிள்ளைகளுக்கு இரண்டே விதி: சிம்னிக்கு மேல் முகம் கொண்டுபோகக் கூடாது, பளபளப்பாக இருப்பதைத் தொடக்கூடாது. கொடி அசைத்து விசில் ஊதும் ஸ்டேஷன் மாஸ்டர் வேலையைக் கொடுத்துவிட்டால் தானாகவே இரண்டடி தள்ளி நிற்பார்கள்.

28. முதல் நகர்வில் அவசரம் வேண்டாம். குளிர்ந்த சிலிண்டருக்குள் ஆவி தண்ணீராகி அடைத்து நிற்கும். அந்த நேரம் வலுக்கட்டாயமாகத் தள்ளினால் உள்ளே ஏதாவது வளையும். ரெகுலேட்டரை லேசாகத் திறந்து, சிம்னி மேல் பழந்துணி பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல உருட்டுங்கள். தண்ணீர் வெளியேறியதும் எஞ்சின் தானாகவே கையை விட்டு நகரப் பார்க்கும்.

29. பாதுகாப்பு வால்வு (சின்ன எஞ்சின்களில் பெரும்பாலும் 40 பி.எஸ்.ஐ. அளவில் திறக்கும்) சீறிக்கொண்டே இருந்தால் பார்க்க ஜோராக இருக்கும். சீறுவது முழுக்க உங்கள் கேஸ் காசு! பர்னரைக் குறையுங்கள், அதே ஒரு தொட்டி கேஸில் இன்னும் சில சுற்று ஓடும். ஆனால் வால்வைத் திருகி அழுத்தத்தைக் கூட்ட மட்டும் யாரும் முயலாதீர்கள்.

30. கேஸ் பற்றவைத்த நேரத்திலேயே சமையலறை டைமரை முடுக்கிவிடுங்கள். பல எஞ்சின்களில் தண்ணீர் வற்றும் முன் கேஸ் தீர்ந்துவிடும்படிதான் தொட்டி அளவு வைத்திருக்கிறார்கள். ஆகவே தண்ணீர் ஊற்றாமல் கேஸை மட்டும் மறுபடி நிரப்புவது என்பது கிடையவே கிடையாது. வெற்றுப் பாய்லரைச் சூடாக்கினால் அது கெட்டுப்போய், பழுதுக்கு எஞ்சின் விலையில் பெரும்பங்கு கேட்பார்கள்.

31. தனி எஞ்சின் கட்டவிழ்த்த கன்றாக ஓடும். கனமான வண்டிகளை மாட்டினால் நிதானமாக, அசல் ரயில் மாதிரி இழுக்கும். வண்டிக்குள் மணல் நிரப்பிய மாத்திரை டப்பாக்களை அடியோடு ஒட்டிவையுங்கள். கனம் கீழே இருந்தால் வளைவில் கவிழாது.

32. ரேடியோ கன்ட்ரோல் வேண்டுமா? பாதை மட்டமாக இருந்தால் முதல் வருஷம் அது இல்லாமலே ஓட்டுங்கள். கையால் ஓட்டினால்தான் எஞ்சினின் குணம் பிடிபடும் என்பது என் கட்சி. ஏற்ற இறக்கமான தோட்டம் என்றால் இந்த வாதம் செல்லாது.

33. 'சக் சக்' சத்தம் போதவில்லை என்றால், ஆவி வெளியேறும் குழாயில் மாட்டும் சின்னக் கூடுதல் குழாய் தனியாக விற்கிறார்கள். இந்தப் பொழுதுபோக்கில் கொடுத்த காசுக்கு மேல் சந்தோஷம் தரும் ஒரே கூடுதல் சாமான் அதுதான்.

34. விருந்தாளிகளுக்குக் காட்டுவதென்றால் வெயில் நேரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காற்று சூடாக இருந்தால் ஆவி கண்ணுக்கே தெரியாது. ஈரமான அக்டோபர் காலையில் அதே எஞ்சின் தோட்டம் முழுக்க வெண்புகையாக விட்டுக்கொண்டு போகும்.

35. ஓட்டி முடித்ததும் எஞ்சினை அப்படியே மூடிவைக்காதீர்கள். பாய்லர் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, லூப்ரிகேட்டர் எண்ணெயைப் பாய்லருக்குள் உறிஞ்சிக்கொள்ளும். அழுத்தமானி பூஜ்யத்துக்கு வந்தபின், வந்தபின் மட்டுமே, தண்ணீர் மூடியைத் தளர்த்திவிடுங்கள்.

36. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க நல்ல நேரம், எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போதுதான். பழைய பனியன் துணிக்கு நிகர் எதுவும் இல்லை. ஆறிவிட்டால் அதே வேலைக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஸ்பிரிட் சிந்தியிருந்தால் உடனே ஒற்றி எடுங்கள், பெயின்ட் இளகிவிடும்.

37. பித்தளை என்றதும் புளியைத் தேடி ஓடாதீர்கள்! குத்துவிளக்குக்குச் சரி, எஞ்சினில் புளியும் உப்பும் இடுக்கில் தங்கி பெயின்ட்டையும் திருகுகளையும் அரிக்கும். மென்மையான மெட்டல் பாலிஷ் ஒரு பொட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியில்.

38. கழற்றிய திருகுகளுக்கு மூலையில் கிடக்கும் பழைய இட்லித் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு பாகத்தின் திருகுகள் என்று கடிகாரச் சுற்றில் வைத்துக்கொண்டே போனால், மாட்டும்போது பின்னிருந்து வந்தால் போதும். அடியில் வெள்ளை டவல் விரித்தால் உருண்டு விழுந்தது கண்ணில் படும்.

39. முதல் உறைபனிக்கு முன் பாய்லர், நீர்மட்டக் கண்ணாடி, லூப்ரிகேட்டர் மூன்றையும் வடித்துவிடுங்கள். தங்கும் தண்ணீர் உறைந்து விரிந்தால் கண்ணாடி வெடிக்கும். மூடியை இறுக்காமல் வைத்தால் உள்ளே காற்றாடும்.

40. சரக்கு வண்டிகளை நீங்களே செய்யலாம். ஐஸ் குச்சி சுமார் 10 மில்லிமீட்டர் அகலம். அடிக்கு 16 என்ற கணக்கில் அது ஏழரை அங்குலப் பலகை. காபி கலக்கும் மரக்குச்சி அதைவிடக் குறுகிய பலகைக்கு ஆகும். தண்ணீர் படாத பசை வாங்குங்கள், சக்கரமும் அச்சும் மட்டும் கடைச்சரக்காக இருக்கட்டும்.

41. வேல்ஸ் பக்கம் விடுமுறைக்குப் போனால் ஒரு பை ஸ்லேட் கல் சில்லுகள் வாங்கி வாருங்கள், வண்டியில் ஏற்ற அசல் சரக்கு அதுதான். 1836-இல் தொடங்கிய ஃபெஸ்டினியாக் பாதை ஸ்லேட் இறக்கவே போடப்பட்டது. 1951-இல் தன்னார்வலர்கள் எடுத்து நடத்த ஆரம்பித்த டாலிலின் பாதையும் அதிக தூரமில்லை. இரண்டு இடத்திலும் இணைப்புக் கொக்கி, பெயர்ப்பலகை, தண்ணீர்த் தொட்டி இவற்றைப் போட்டோ எடுத்துக்கொண்டால் புத்தகச் செலவு மிச்சம்.

42. பழைய எஞ்சின் வாங்கும்போது படத்தைப் பார்த்து மயங்காமல், உங்கள் கண்முன் ஆவியேற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றும்போது ஓரிடத்தில் சிக்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பாய்லர் சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள். பொதுக் கண்காட்சியில் ஓட்டப் பெரும்பாலும் அதைக் கேட்பார்கள்.

43. எஞ்சின் வந்த அட்டைப்பெட்டி, உள்ளே இருந்த ஸ்பாஞ்சு, கையேடு, சாவி, உதிரி வாஷர் எல்லாவற்றையும் பரணில் வையுங்கள். பெட்டியின் மூடிக்குள் வாங்கிய தேதியையும் மாற்றிய பாகங்களையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பின்னால் பெரிய எஞ்சினுக்கு மாறும் ஆசை வந்தால் (வரும்), பெட்டியோடு விற்பதற்கும் வெறும் எஞ்சினாக விற்பதற்கும் விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும்.